சேலமும் வாஷிங்டனும்: 'தி க்ரூசிபிள்' நாடகத்தைப் படிக்கவும் மேடையேற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகம் 1953 ஜனவரி 22 அன்று நியூயார்க்கின் மார்ட்டின் பெக் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. 1692இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளே அதன் கதை. எனினும், கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கும் விசாரணைகள் உச்சத்தில் இருந்த காலத்தில் அதைப் பார்த்தவர்களில் பலர், பழங்கதையின் வாயிலாகத் தங்கள் காலத்தைப் பற்றியே ஆசிரியர் பேசுகிறார் என்பதை உடனே புரிந்துகொண்டார்கள். இவ்வாறு ஒரு காலத்தைச் சொல்லி மற்றொரு காலத்தைச் சுட்டும் நாடகத்தைப் படிப்பவர்களுக்கும், வகுப்பில் நடத்துபவர்களுக்கும், மேடையேற்ற நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இரண்டு காலங்களுக்கும் பொதுவானது பொய்க் குற்றச்சாட்டும் கூட்டத்தின் வெறியும்தான் என்பதே இந்த நாடகத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் விளக்கம். அது தவறில்லை; ஆனால் அதோடு நின்றுவிட்டால் நாடகத்தின் பாதி நம் கைக்கு வராமலே போய்விடும். உண்மையான ஒற்றுமை விசாரணை முறையில் இருக்கிறது. மறுப்பவரைத் தண்டித்து, ஒப்புக்கொள்பவரை விட்டுவிட்டு, ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகப் பிறர் பெயரைக் கேட்கும் முறை அது. கீழ்வரும் படிகள் அனைத்தும் இந்த ஒன்றை நோக்கியே செல்கின்றன.

படி 1: வரலாற்றை மறந்து ஒருமுறை படியுங்கள்

நாடகத்தில் நான்கு அங்கங்கள் உள்ளன. பாதிரியார் பாரிஸின் வீட்டு மாடி அறையில் தொடங்கி, நாடகத்தின் நாயகன் ஜான் ப்ராக்டரின் வீடு, நீதிமன்றத்தை ஒட்டிய அறை வழியாகச் சிறைக்கூடத்தில் முடிகிறது. முதல் வாசிப்பில் முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் விட்டுவிடுங்கள். கையில் ஒரு பென்சில் மட்டும் இருக்கட்டும். எவராவது மற்றொருவரிடம் 'யார் அது, பெயரைச் சொல்' என்று கேட்கும் இடங்களில் மட்டும் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். முதல் அங்கத்தின் முடிவிலும், மூன்றாம் அங்கத்தின் நடுவிலும், நான்காம் அங்கத்தின் இறுதியிலும் கோடுகள் நெருங்கி விழுவதைக் காண்பீர்கள். நான்காம் படியில் அந்தக் கோடுகளுக்குத் திரும்பி வருவோம்.

படி 2: 1692இன் உண்மை நிகழ்வுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1692 தொடக்கத்தில் சேலம் கிராமத்தில் (இன்று அந்த இடம் டான்வர்ஸ் என்று அழைக்கப்படுகிறது) பாதிரியார் சாமுவேல் பாரிஸின் மகள் பெட்டிக்கும், அவருடைய உறவுப் பெண் அபிகெய்ல் வில்லியம்ஸுக்கும் விளங்காத வலிப்புகள் வந்தன. பெட்டிக்கு வயது ஒன்பது. அபிகெய்லுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. பிப்ரவரி இறுதியில் மூன்று பெண்கள் மீது கைது ஆணை பிறந்தது: பாரிஸின் வீட்டு அடிமை டிடுபா, பிச்சையெடுத்துப் பிழைத்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். முதலில் பிடிபட்டவர்கள் எவரும் கேட்க நாதியில்லாதவர்கள் என்பதைக் கவனியுங்கள். மார்ச் 1 அன்று நடந்த விசாரணையில் நீதிபதி ஜான் ஹேதார்ன் சாரா குட்டிடம் தொடுத்த கேள்விகள், எந்தக் கெட்ட ஆவியோடு உனக்குப் பழக்கம், ஏன் இந்தக் குழந்தைகளைத் துன்புறுத்துகிறாய் என்ற வகையில் அமைந்தன. குற்றம் நடந்ததா என்பது கேள்வியாகவே எழவில்லை. சாரா குட் மறுத்தார், தூக்கிலிடப்பட்டார். டிடுபா ஒப்புக்கொண்டார், ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தாலும் உயிர் பிழைத்தார்.

மே மாதம் ஆளுநராக வந்த வில்லியம் ஃபிப்ஸ் ஒரு தனி நீதிமன்றத்தை அமைத்தார். அதன் தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன். ஜூன் 10 அன்று பிரிட்ஜெட் பிஷப் முதலாவதாகத் தூக்கிலிடப்பட்டார். செப்டம்பர் 22க்குள் 14 பெண்களும் 5 ஆண்களுமாக 19 பேர் தூக்கில் மாண்டார்கள். வழக்குக்கு உட்பட மறுத்து வாய்மூடி நின்ற முதியவர் ஜைல்ஸ் கோரி, மார்பின்மேல் கற்கள் அடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். எரித்துக் கொன்றார்கள் என்று பலர் எழுதுகிறார்கள்; சேலத்தில் எவரும் எரிக்கப்படவில்லை.

இந்த நீதிமன்றத்தின் அச்சாணி ஆவியுருச் சாட்சியம் என்பதாகும். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுருவம் வந்து தன்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்றது. அந்த நேரத்தில் தான் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்ததாக ஒருவர் நிரூபித்தாலும் பயனில்லை. வந்தது உடலன்று, உருவம் என்று பதில் வரும். அக்டோபரில் பாதிரியார் இன்க்ரீஸ் மேதர், நிரபராதி ஒருவர் தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துப் பேர் தப்பிப்பதே மேல் என்று எழுதினார். அதே மாத இறுதியில் ஃபிப்ஸ் தனி நீதிமன்றத்தைக் கலைத்தார். ஆவியுருச் சாட்சியத்துக்கு இடமில்லாமல் 1693இல் வழக்குகள் மீண்டும் நடந்தபோது பெரும்பாலோர் விடுதலையானார்கள். அதே மக்கள், அதே நம்பிக்கைகள். சாட்சிய விதி மட்டும் மாறியிருந்தது.

இந்தப் படியில் தவறாமல் படிக்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. உண்மையான ஜான் ப்ராக்டர் 1692 ஜூலை 23 அன்று சேலம் சிறையிலிருந்து பாஸ்டன் பாதிரியார்களுக்கு எழுதிய கடிதம் அது. கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி இளைஞர்களிடம் ஒப்புதல் வாங்குகிறார்கள் என்றும், தம் மகன் வில்லியமை அப்படிக் கட்டி வைத்ததில் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது என்றும் அதில் எழுதுகிறார். வழக்கை பாஸ்டனுக்கு மாற்றுங்கள், இல்லையேல் இந்த நீதிபதிகளையாவது மாற்றுங்கள் என்பது அவருடைய வேண்டுகோள். அதற்கு முன்பே ஷெரிஃபின் ஆட்கள் அவர் வீட்டுக்குள் புகுந்து பொருள்களை அள்ளிச் சென்றிருந்தார்கள். பீப்பாயில் இருந்த பீரைக் கொட்டிவிட்டுப் பீப்பாயையும், பானையில் இருந்த கஞ்சியைக் கவிழ்த்துவிட்டுப் பானையையும் எடுத்துப் போனார்கள், பிள்ளைகளுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்று 1700இல் ராபர்ட் கேலஃப் பதிவு செய்திருக்கிறார். நாடகத்தில் இந்தக் கடிதம் இடம்பெறவில்லை. விசாரணை முறையே குற்றம் செய்கிறது என்று 1692இலேயே ஒருவர் நிதானமாக எழுதி வைத்தார் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

படி 3: 1947 முதல் 1954 வரையிலான வாஷிங்டனைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'மெக்கார்த்தியிசம்' என்ற பெயரின் காரணமாக எல்லா விசாரணைகளையும் செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தியே நடத்தினார் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர் 1950 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருப்பதாகக் கூறி ஒரு பட்டியலை ஆட்டிக் காட்டிப் புகழடைந்தவர். செனட் துணைக்குழு ஒன்றின் தலைவராக 1953இல்தான் ஆனார். மில்லரின் நண்பர்களை அழைத்து விசாரித்தது அவரல்லர். பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோதச் செயல்கள் குழு. அது 1938இல் தொடங்கி, பெயர் மாறி, 1975இல்தான் ஒழிக்கப்பட்டது. மெக்கார்த்தி 1954 டிசம்பரில் செனட்டின் கண்டனத்துக்கு ஆளாகி ஓய்ந்த பிறகும் அந்தக் குழு ஓயவில்லை.

1947இல் அந்தக் குழு ஹாலிவுட்டைக் குறிவைத்தது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் பேச்சுரிமையைக் காட்டி வாதிட்டுத் தோற்று, 1950இல் சிறை சென்றார்கள். அதன்பின் வந்தவர்கள் தமக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தை நாடினார்கள். சிறையிலிருந்து தப்பினார்கள், வேலையிழப்பிலிருந்து தப்பவில்லை; ஸ்டூடியோக்களின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது.

இந்தச் சட்டச் சிக்கலின் ஒரு நுணுக்கம் நாடகத்தைப் புரிந்துகொள்ள மிக அவசியம். தன்னைப் பற்றி ஒருவர் பதில் சொல்லிவிட்டால், பிறரைப் பற்றிய கேள்விகளுக்கு ஐந்தாம் திருத்தத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 'என்னைப் பற்றி எதையும் கேளுங்கள், சொல்கிறேன். மற்றவர் பெயரைக் கேட்காதீர்கள்' என்ற நேர்மையான நடுவழி இதனால் அடைபட்டது. நாடகாசிரியர் லில்லியன் ஹெல்மன் 1952 மே மாதம் இதே கோரிக்கையைக் கடிதமாக எழுதிக் குழுவுக்கு அனுப்பினார், குழு ஏற்கவில்லை. அதற்கு முந்தைய மாதம், மில்லரின் நாடகங்களை இயக்கிய நெருங்கிய நண்பர் எலியா கசான் குழுவின் முன் எட்டுப் பேரின் பெயர்களைச் சொல்லியிருந்தார். மில்லர் அந்தக் காலத்தில்தான் வழக்கு ஆவணங்களைப் படிக்கச் சேலத்துக்குப் பயணமானார்.

படி 4: இரண்டு விசாரணைகளையும் அருகருகே வையுங்கள்

பென்சில் கோடுகளுக்கு இப்போது திரும்புங்கள்.

முதல் கோடு, டிடுபா. சாட்டையால் அடித்தே கொல்வேன் என்று பாரிஸ் மிரட்டுகிறார், தூக்கிலிட வேண்டும் என்று ஊரின் பணக்கார நிலக்காரர் புட்னம் சொல்கிறார். டிடுபா ஒப்புக்கொள்ளத் தொடங்கியதும் சூனியத்தை அறிந்தவரென வரவழைக்கப்பட்ட ஹேல் பாதிரியாரின் குரல் கனிகிறது: சாத்தானோடு வேறு யார் வந்தார்கள்? அவர் தடுமாறும்போது, சாரா குட்டா, ஆஸ்பர்னா என்று புட்னமே எடுத்துக் கொடுக்கிறார். சற்று நேரத்தில் அதே இரண்டு பெயர்கள் டிடுபாவின் வாயிலிருந்து வருகின்றன. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களைச் சொல்பவரின் வாயால் கேட்பதே இந்தச் சடங்கின் சாரம். வாஷிங்டனிலும் குழுவின் கோப்புகளில் பெரும்பாலும் அந்தப் பெயர்கள் முன்பே இருந்தன. தகவலுக்காக அவர்கள் கேட்கவில்லை; சொல்பவர் பழைய நட்புகளை வெட்டிக்கொண்டு தங்கள் பக்கம் வந்துவிட்டார் என்பதை ஊரறிய உறுதி செய்யவே கேட்டார்கள். அப்ரூவராக மாறிய குற்றவாளியை நமக்குத் தெரியும். அங்கே ஒரு குற்றம் நடந்திருக்கும், அதை நிரூபிக்க அவர் சாட்சியம் தேவைப்படும். இங்கே பெயரைச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாவது கோடு, மூன்றாம் அங்கத்தில் ஜைல்ஸ் கோரி. அண்டை நிலத்தை அடைவதற்காகவே புட்னம் தன் மகளைத் தூண்டிப் பழி சுமத்தச் செய்தார் என்று அவர் எழுதிக் கொடுக்கிறார். யார் சொன்னது என்று நீதிபதி டான்ஃபோர்த் கேட்கிறார். சொன்னவர் சிறைக்குப் போவார் என்பதால் கோரி பெயரைத் தர மறுக்கிறார். நீதிமன்ற அவமதிப்பு என்று அங்கேயே கைதாகிறார். மனைவி புத்தகம் படிக்கிறாள் என்று முதல் அங்கத்தில் விளையாட்டாகச் சொல்லி அவளைச் சிறைக்கு அனுப்பியவர் இவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு பெயரைச் சொன்னதன் விலையை அறிந்தவர் இரண்டாவது பெயரைச் சொல்ல மறுக்கிறார். அவமதிப்பு என்ற குற்றப்பெயர் உட்பட இந்தக் காட்சி 1950களின் விசாரணை அறையிலிருந்தே நேராக வருகிறது.

மூன்றாவதாக, கோடு விழாத ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெபெக்கா நர்ஸ் உள்ளிட்ட மூன்று பெண்கள் நல்லவர்கள் என்று 91 பேர் கையெழுத்திட்ட மனுவை ரெபெக்காவின் கணவர் ஃபிரான்சிஸ் நர்ஸ் கொண்டுவருகிறார். கையெழுத்திட்ட அனைவரையும் விசாரணைக்குப் பிடித்து வரும்படி டான்ஃபோர்த் ஆணையிடுகிறார். உண்மை வரலாற்றில் ரெபெக்கா நர்ஸுக்காக 39 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஜூரிகள் முதலில் அவரை நிரபராதி என்றே அறிவித்தார்கள். நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யச் சொன்னதும் தீர்ப்பு மாறியது. மனுவில் கையெழுத்திடுவதே கையெழுத்திட்டவருக்கு எதிரான சாட்சியமாகும் நிலையை 1950களின் அமெரிக்கர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். எப்போதோ ஒரு சமாதான மனுவில் இட்ட கையெழுத்து, பல ஆண்டுகள் கழித்துக் கேள்வியாகத் திரும்பி வரும்.

இந்த மூன்றையும் தாங்கி நிற்பது டான்ஃபோர்த் முன்வைக்கும் ஒரு வாதம். சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம். அதைக் கண்டவர்கள் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் மட்டுமே. செய்தவர் தானே சொல்லப் போவதில்லை. எனவே பாதிக்கப்பட்டவரை நம்புவதன்றி வழியில்லை. இதை உரக்கப் படித்துப் பாருங்கள். எந்த இடத்திலும் தர்க்கம் பிசகுவதாகத் தோன்றாது. அதனால்தான் அது அச்சமூட்டுகிறது. மனத்துக்குள் இருக்கும் விசுவாசமின்மையைத் தேடும் எந்தக் குழுவும் இதே வாதத்துக்கு வந்து சேரும்.

படி 5: மில்லர் மாற்றியவற்றை அடையாளம் காணுங்கள்

வரலாற்று ஆசிரியரின் வரலாறாக இதைக் கொள்ள வேண்டாம் என்று மில்லரே நூலின் தொடக்கக் குறிப்பில் சொல்லிவிடுகிறார். பல நீதிபதிகளை ஹேதார்ன், டான்ஃபோர்த் என்ற இருவருக்குள் அடக்கினார். உண்மையான தாமஸ் டான்ஃபோர்த் அந்தத் தனி நீதிமன்றத்தில் இடம்பெறவேயில்லை. இரக்கமின்றி நடந்தவர் ஸ்டௌட்டன். டிடுபாவை அக்கால ஆவணங்கள் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் என்றே குறிப்பிடுகின்றன. நாடகம் அவரைக் கறுப்பினத்தவராக்குகிறது.

பெரிய மாற்றம் வயதுகளில் இருக்கிறது. சுமார் 60 வயதான ப்ராக்டரை முப்பதுகளின் நடுப்பகுதிக்கு இறக்கி, குழந்தையான அபிகெய்லை 17 வயதுக்கு உயர்த்தி, இருவருக்கும் இடையே ஒரு தகாத உறவைக் கற்பனை செய்தார். மேடைக்கு இது உதவுகிறது என்பதில் ஐயமில்லை. குற்றவுணர்ச்சி கொண்ட ஒருவன் தன் நேர்மையைத் தானே நம்பாமல் இருப்பது கடைசி அங்கத்துக்கு வலிமை சேர்க்கிறது. ஆனால் என் கணிப்பில் அரசியல் உவமைக்கு இது ஊறு செய்கிறது. ஒரு பெண்ணின் பொறாமையே எல்லாவற்றுக்கும் விதை என்றாகிவிட்டால், நிலத்தகராறுகளும், பாதிரியாரின் சம்பளச் சண்டையும், எல்லைப் போரின் அச்சமும், சாட்சிய விதியும் பின்னணிக்குப் போய்விடுகின்றன. வாஷிங்டனில் அபிகெய்லுக்கு இணையாக எவரும் இல்லை. வகுப்பில் நடத்துபவர்கள் இந்த இடத்தில் நின்று, அபிகெய்ல் இல்லாமல் இந்த நீதிமன்றம் இயங்கியிருக்குமா என்ற கேள்வியை மாணவர்களிடம் வைக்கலாம். வரலாற்றின் பதில் இயங்கியது என்பதே.

படி 6: கடைசி அங்கத்தை மில்லரின் 1956ஓடு சேர்த்துப் படியுங்கள்

உயிர் பிழைக்க ஒப்புக்கொள்ளத் துணிந்த ப்ராக்டரிடம், ரெபெக்கா நர்ஸைச் சாத்தானோடு பார்த்தாயா, மேரி ஈஸ்டியை, மார்த்தா கோரியைப் பார்த்தாயா என்று டான்ஃபோர்த் வரிசையாகக் கேட்கிறார். தன் பாவங்களைச் சொல்வதாகவும் பிறரைத் தீர்ப்பிடத் தன்னால் இயலாது என்றும் ப்ராக்டர் பதில் சொல்கிறார். ஹெல்மன் தம் கடிதத்தில் கேட்டதும் இதுதான். பின்னர் கையெழுத்திட்ட தாளைக் கோயில் கதவில் ஒட்டுவார்கள் என்று தெரிந்ததும் அதைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறார்.

1956 ஜூன் 21 அன்று மில்லர் அதே குழுவின் முன் அமர்ந்தார். ஐந்தாம் திருத்தத்தை நாடவில்லை. தம்மைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார். எழுத்தாளர் கூட்டமொன்றில் உடனிருந்தவர்களின் பெயரைக் கேட்டபோது, இன்னொருவர் பெயரைச் சொல்லி அவருக்குத் துன்பம் தேடித் தரத் தம்மால் ஆகாது என்று மறுத்தார். 1957இல் காங்கிரஸ் அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 1958இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. நாடகம் முன்னே, வாழ்க்கை மூன்றாண்டு பின்னே வந்தது. எனவே அந்தக் காட்சியை மில்லரின் சொந்த அனுபவத்தின் பதிவு என்று எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

படி 7: எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எதிர்கொள்ளுங்கள்

நாடகம் வந்த நாள் முதலே எழுந்த மறுப்பு இது: சூனியக்காரிகள் இருந்ததே இல்லை, கம்யூனிஸ்டுகளோ இருந்தார்கள், ஆகவே உவமை பொய். இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. சோவியத் உளவாளிகள் அமெரிக்க அரசுக்குள் இருந்தார்கள் என்பதைப் பின்னாளில் வெளியான வெனோனா செய்திகள் (அமெரிக்கா இடைமறித்துக் குறியீட்டை உடைத்துப் படித்த சோவியத் தந்திகள்) உறுதிப்படுத்தின. மில்லர் இதற்குத் தந்த பதில், 17ஆம் நூற்றாண்டில் சூனியம் இருப்பதைக் கற்றவர்களே சந்தேகிக்கவில்லை என்பது. அது பாதிப் பதில்தான். சேலத்தின் நீதிபதிகள் முட்டாள்கள் அல்லர் என்று மட்டுமே அது காட்டுகிறது.

மீதிப் பதில் முறையில் இருக்கிறது. உளவாளியைப் பிடிக்க ஆவணமும் கண்காணிப்பும் சாட்சிய விதியுள்ள நீதிமன்றமும் வேண்டும். திரைக்கதை எழுதியவரையும் பள்ளி ஆசிரியரையும் அழைத்துப் பழைய நண்பர்களின் பெயர் கேட்கும் குழு அந்த வேலையைச் செய்யவில்லை. கம்யூனிஸ்டாக இருப்பது சட்டப்படி குற்றமாக இல்லாத ஆண்டுகளில் கட்சியில் இருந்ததற்காகவே பலர் அழைக்கப்பட்டார்கள். அதேவேளையில் உவமையின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சேலத்தில் மறுத்தவர் தூக்கிலிடப்பட்டார், வாஷிங்டனில் பெரும்பாலும் வேலையிழந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தூக்கிலிடப்பட்டவர்களுக்கு நியாயமாகாது.

படி 8: மேடையேற்றும்போது

நிகழ்கால அரசியல்வாதியின் தலைமுடியையோ உடையையோ டான்ஃபோர்த்துக்கு மாட்டாதீர்கள். ஊர் பெயரும் காலமும் மாறாமலே இந்த நாடகம் பயணம் செய்திருக்கிறது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் ஆறரை ஆண்டுகள் தனிச்சிறையில் இருந்த நியன் செங், ஷாங்காய் மேடையேற்றத்தைப் பார்த்துவிட்டு, சீனரல்லாத ஒருவர் இதை எழுதினார் என்பதை நம்ப முடியவில்லை என்று மில்லரிடம் சொன்னார். அங்கே நடந்த விசாரணைகளின் கேள்விகளும் அப்படியே இருந்தனவாம்.

டான்ஃபோர்த்தை எப்படி நடிப்பது என்பதில் நான் ஆசிரியரோடு மாறுபடுகிறேன். அவரைப் போதிய அளவு கொடியவராக எழுதவில்லை என்று 1957இல் மில்லர் வருந்தினார். எழுதியபடியே இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. ஏற்கெனவே பன்னிரண்டு பேரைத் தூக்கிலிட்டாயிற்று, இப்போது மன்னித்தால் அவர்களுக்கு என்ன பதில் என்று அவர் கேட்கும்போது, அந்தக் குரலில் குரூரம் தொனிக்கக் கூடாது. கணக்கை நேர் செய்ய முயலும் அலுவலரின் களைப்பு போதும். ஹேலை நடிப்பவர் முதல் அங்கத்தில் கனமான புத்தகங்களைச் சுமந்து வருவதில் உண்மையான பெருமிதம் காட்டட்டும். அந்தப் பெருமிதம் இல்லாவிட்டால் மூன்றாம் அங்கத்தின் முடிவில் அவர் வெளியேறுவதற்கு எடை இருக்காது.

கடைசியாக, வெட்டுவதா சேர்ப்பதா என்ற கேள்வி. சில பதிப்புகளின் பிற்சேர்க்கையில், இரண்டாம் அங்கத்துக்குப் பின் காட்டில் ப்ராக்டரும் அபிகெய்லும் சந்திக்கும் ஒரு காட்சி இருக்கும். 1953இல் நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே மில்லர் இதைச் சேர்த்தார். பிறகு மையப் பிரதியிலிருந்து நீக்கினார். அபிகெய்லை நடிப்பவருக்கு அது நல்ல வாய்ப்பு என்பதால் குழுக்கள் அதைச் சேர்க்க ஆசைப்படுவதுண்டு. அதில் அவள் தன் பொய்யைத் தானே நம்பும் மனநிலைக்குப் போய்விடுகிறாள். பார்வையாளரின் கண் மீண்டும் ஒரு தனிப் பெண்ணின் பித்தின்மேல் போய் நிற்கும். அடுத்துவரும் நீதிமன்றக் காட்சியில் கேள்வி கேட்பவர்கள்மேல் அது இருக்க வேண்டும். நேரம் மிச்சமிருந்தாலும் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். அந்த நிமிடங்களை ஜைல்ஸ் கோரி பெயர் சொல்ல மறுக்கும் இடத்துக்குக் கொடுங்கள். டான்ஃபோர்த்தின் கேள்விக்கும் கோரியின் மறுப்புக்கும் இடையே நடிகர்கள் அவசரப்படாமல் இருக்கட்டும்.